தியேட்டரின் பெண்கள் பக்கம்

எமது கரையோர ஊர்களின் வரலாற்றை எழுதுபவர்கள் பள்ளிவாசல், பாடசாலை, சந்தை, வயல் என்று எல்லாவற்றையும் எழுதுகிறார்கள். தியேட்டரை எழுதுவதில்லை. அங்கே பெண்களும் போனார்கள் என்பதை அறவே எழுதுவதில்லை. எனது உம்மாவும் மூத்தம்மாவும் கல்முனைக்குப் போய்ப் படம் பார்த்தவர்கள்தான்.

இலங்கையில் முதன்முதல் படம் காட்டப்பட்டது 1901இல். பார்த்தவர்கள் ஆங்கிலேய ஆளுநரும், இங்கு கொண்டுவரப்பட்டிருந்த போவர் யுத்தக் கைதிகளும் என்கிறார்கள். யுத்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் சினிமாவே இந்நாட்டுக்கு வந்திருக்கிறது! முதல் சிங்களப் பேசும்படம் 1947இல் வந்தது. அதைத் தயாரித்தவர் எஸ்.எம்.நாயகம் என்ற தமிழர். இங்கு தயாரான முதல் தமிழ்ப்படம் 'சமுதாயம்' 1962இல் வந்தது. ஆனால் எங்கள் பெண்கள் காத்திருந்தது எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களுக்குத்தான்.

தனியே போக முடியாது. சாச்சி, மாமி, பக்கத்து வீட்டு ராத்தா, கைக்குழந்தைகள் என்று ஏழெட்டுப் பேராகப் பகல் காட்சிக்குப் போவார்கள். வாப்பாவுக்குத் தெரியாமல் போன படங்களும் உண்டு. தெரிந்தும் தெரியாதவர் போல அவர் இருந்ததும் உண்டு. பெண்கள் பக்கத்தில் பாண்டிருப்பு, காரைதீவுத் தமிழ்ப் பெண்களும் இருப்பார்களாம். கச்சான் கை மாறும். கதாநாயகி அழுதால் எல்லோரும் அழுவார்கள். கைக்கூலி கேட்டு வந்த மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி வீட்டில் வாய் திறக்காத பெண், அந்த இருட்டில் முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்லி ஆறியதை உம்மா பார்த்திருக்கிறா.

1972இல் திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து, இறக்குமதி அதன் கைக்குப் போனது. 1979இல் தொலைக்காட்சி வந்தது, பின்னால் வாடகை டெக்கும் வந்தது. இவற்றால் தியேட்டர் மெல்ல மெல்ல மெலிந்தது. ஆனால் பெண்கள் பக்கத்தை வெறுமையாக்கியது யுத்தமே. 1983 யூலையில் கொழும்பு கொம்பனித்தெருவின் றியோ தியேட்டர் எரிக்கப்பட்டது. யாழ்ப்பாணக் கோட்டைக்கு அருகிலிருந்த றீகலும் பின்னர் அழிந்தது. எமது பகுதியில் 1985 சித்திரையில் தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையே வன்செயல் மூண்டது. 1990இல் இரு பக்கமும் எத்தனை உயிர்கள் போயின! அடுத்த ஊர் வீதியைக் கடக்கவே பயந்த காலத்தில் யார் படத்துக்குப் போவது? ஆண்கள் பிறகு மெதுவாகத் திரும்பிப் போனார்கள். பெண்களுக்கு "வீட்டில் டெக் இருக்கே" என்ற பதில்தான் கிடைத்தது.

வீட்டில் படம் பார்க்கலாம், அது குறையல்ல. ஆனால் வீட்டில் பாண்டிருப்புப் பெண் பக்கத்தில் இருக்கமாட்டா. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரண வரிசைகளில்தான் எத்தனையோ பெண்கள் மீண்டும் அப்படி அருகருகே நின்றார்கள்.

அந்தக் காலத்துப் பெண்கள் இப்போது எழுபது, எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். தோழியரே, உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் என்ன படம், யாரோடு போனீர்கள், பக்கத்தில் யார் இருந்தது என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நான் உம்மாவிடம் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன். பதினொரு படம் வரை வந்திருக்கிறது.