பொதிகைக்கு ஆடியிலேயே புறப்படணும்

மே மாத வெயிலில் கடைக்குள் வந்து, "யக்கா, பொதிகைக்கு ரெண்டு டிக்கெட் போடுங்க, பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு" என்று கேட்பவர்களை நான் உட்காரவைத்துத்தான் பேசுவேன். நின்றுகொண்டு கேட்டால் கோபம் வரும். பொதிகை பள்ளிக்கூட லீவுக்குத் திறக்கிற மலை இல்லை.

நாங்குநேரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, வருமானச் சான்று, பரீட்சை விண்ணப்பம், ரயில் டிக்கெட் என்று ஊர்க்காரர்களின் ஆன்லைன் வேலையெல்லாம் என் கம்ப்யூட்டரில்தான் நடக்கும். ஜனவரி பிறந்ததும் கேரள வனத்துறை பொதிகைச் சிகரம் ஏறும் அகஸ்தியர்கூட யாத்திரைக்குப் பதிவு தொடங்கும் தேதியை அறிவிக்கும். அன்றைக்குக் காலையில் மட்டும் கடைக்கு ஒரு தனிக்கூட்டம் வரும். பேங்க் ஊழியர், செங்கல்சூளைக்காரர், நர்ஸ், ரிட்டயர்டு வாத்தியார் எல்லாரும் ஆதாரும் ஓடிபி வருகிற போனும் கையுமாக நிற்பார்கள். ஒரு நாளைக்கு நூறு பேர் அளவில்தான் மலையேற விடுவார்கள். பொங்கலை ஒட்டித் தொடங்கி பிப்ரவரி கடைசிவாக்கில் சீசன் முடிந்துவிடும். சனி, ஞாயிறு தேதிகள் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். அதனால் எங்கள் கூட்டத்துக்கு முதல் பாடம், செவ்வாய், புதனில் தொடங்கி மூன்று நாள் லீவு எடுக்க முன்கூட்டியே சொல்லிவைப்பது.

தாமிரபரணி பிறக்கிற பொதிகைக்குத் திருநெல்வேலிக்காரர்களான நாம் ஏன் திருவனந்தபுரம் போய் ஏறவேண்டும்? இதைக் கேட்காத ஆளே கிடையாது. 1868 மீட்டர் உயரமுள்ள சிகரம் இரண்டு மாநில எல்லையில் நிற்கிறது. பாபநாசம், காரையாறு, பாணதீர்த்தம், கன்னிகட்டி, பூங்குளம் வழியாக நம் பக்கத்து ஆட்கள் ஒரு காலத்தில் நடந்து போனார்கள். அந்தப் பாதை இன்று களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் அடங்கிவிட்டது. பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. 1962இல் அமைந்த முண்டந்துறைச் சரணாலயத்தையும், சிங்கவால் குரங்குக்காக 1976இல் உருவான களக்காடு சரணாலயத்தையும் 1988இல் சேர்த்ததுதான் இந்தக் காப்பகம், தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். "தண்ணி நமக்கு, வாசல் அவனுகளுக்கு" என்று என் வாடிக்கையாளர் அண்ணாச்சி ஒருவர் வருஷாவருஷம் புலம்புவார். எனக்கு அதில் வருத்தமில்லை. அந்தக் காட்டை ஆள் மிதிக்காமல் விட்டதால்தான் கோடையிலும் ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் பார்க்கிறோம்.

பொதிகை சீசனான ஒன்றரை மாதத்தை யாரும் மனம்போனபடி குறிக்கவில்லை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் அந்தச் சரிவுகளில் கால் வைக்க முடியாது. அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி, கார்த்திகை மழை கிழக்கிலிருந்து வந்துவிடும். 2023 டிசம்பர் 17, 18இல் மழை வெள்ளத்தில் எங்கள் மாவட்டம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மார்ச்சில் புல்லெல்லாம் காய்ந்து நெருப்புக்குக் காத்திருக்கும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டு மழைக்கும் நெருப்புக்கும் நடுவில் மிஞ்சுவதுதான் நமக்கு. பெரு நாட்டின் இன்கா பாதையையும் மழைக்காகப் பிப்ரவரி முழுக்க மூடிவைக்கிறார்கள். அங்கேயும் பல மாதம் முன்பே அனுமதி வாங்கினால்தான் உண்டு.

இந்த மலைக்கு முன்கூட்டியே திட்டம் போட்டவர்களில் என்னை அசத்தியவர் ஜான் ஆலன் புரோன். திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாய்வுக்கூடத்துக்குத் தலைவராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர். பூமியின் காந்தப்புலத்தை உயரத்திலிருந்து அளக்க வேண்டும் என்பதற்காக 1850களில் இந்தச் சிகரத்திலேயே ஓர் ஆய்வுக்கூடம் கட்டினார். நாம் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஏறவே மூச்சிரைக்கிறது. அவர் கருவிகளை ஏற்றி, மேலே ஆட்களை நிறுத்தி, காற்றிலும் மழையிலும் அளவெடுக்க வைத்தார்.

பெண்களுக்கு இந்த வழி திறந்து அதிக காலம் ஆகவில்லை. கேரள உயர் நீதிமன்றம் 2018 நவம்பரில் தீர்ப்புச் சொன்ன பிறகு, 2019 ஜனவரி 14 அன்று தன்யா சனல் என்ற பெண் ஏறினார். அந்தச் செய்தியை நான் கடையில் வைத்துத்தான் படித்தேன். அதுவரை மற்றவர்களுக்கு டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தவள் அடுத்த ஆடியிலேயே எனக்கென்று நடக்க ஆரம்பித்தேன்.

ஆடி என்பது என் கணக்கு. டிக்கெட் ஜனவரியில் நிமிஷத்தில் கிடைத்துவிடும். முழங்கால் அப்படிக் கிடைக்காது. காலையில் பெரியகுளத்துக் கரையில் நடை. புரட்டாசி வாக்கில் திருக்குறுங்குடி மலை நம்பி கோயிலுக்கு ஜீப்பில் போகாமல் நடந்தே ஏறி இறங்குவது. கல்லும் கரடுமான அந்தப் பாதை நம் ஷூவின் யோக்கியதையைச் சொல்லிவிடும். ஏறும்போது எல்லாரும் வீரர்கள்தான்; இறங்கும்போதுதான் தொடை நடுங்கும், பெருவிரல் ஷூவின் முன்பக்கம் இடித்து நகம் கறுக்கும். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுப் போங்கள் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். திரும்பி வந்து சிரிப்பதில்லை.

தேதி உறுதியானதும் செய்யவேண்டியவை கொஞ்சம்தான். போகிற நாளுக்கு ஒரு வாரத்துக்குள் டாக்டரிடம் வாங்கிய உடல்தகுதிச் சான்று வேண்டும். டிசம்பரிலேயே வாங்கி லேமினேட் போட்டுக் கொண்டுவருபவர்களை என்ன சொல்ல? அசல் அடையாள அட்டை வேண்டும். பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அனுமதியில்லை. நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் போய் முந்தின இரவு தங்கிவிட்டு, விதுரா தாண்டி போனக்காடு போகிற அதிகாலை பஸ்ஸைப் பிடித்தால் சோதனைச்சாவடிக்குச் சரியாக இருக்கும்.

அங்கிருந்து இந்தக் காட்டின் பழங்குடிகளான காணிக்காரர்கள் வழிகாட்டுவார்கள். 1987இல் இதே மலையில் விஞ்ஞானிகள் மூச்சுவாங்கி உட்கார்ந்தபோது, கூட வந்த காணிகள் ஒரு செடியின் காயைத் தின்றுவிட்டுச் சளைக்காமல் நடந்தார்களாம். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து வந்த 'ஜீவனி' மருந்தின் வருமானத்தில் காணிகளுக்கும் பங்கு தரப்பட்டது உலகம் முழுக்கப் பேசப்பட்ட விஷயம்.

முதல் நாள் அதிருமலை முகாம் வரை. ஆனை வராமல் சுற்றிக் குழி வெட்டிய இடம். பாய், சூடான கஞ்சி, பயறு, எலும்பில் இறங்குகிற குளிர். போனுக்கு சிக்னல் கிடையாது. மறுநாள் சிகரம். கடைசியில் மொட்டைப் பாறை, அதில் கட்டிய கயிறு. ஈரக் கயிற்றைப் பிடித்து உடம்பைப் பின்னால் சாய்த்து ஏறவேண்டும். பாறையோடு ஒட்டிக்கொண்டால் கால் வழுக்கும். உள்ளங்கை எரியும், காற்று ஆளைத் தள்ளும், முன்னால் போகிறவரின் ஷூவிலிருந்து மணல் கண்ணில் விழும். மேலே குறுமுனி அகத்தியர் சிலையாக நிற்கிறார். மேகம் விலகினால் கிழக்கே நம் அணைகள் தெரியும். விலகவில்லை என்றால் வெள்ளைதான்.

பதிவு கிடைக்காதவர்கள் முகம் தொங்கி நிற்பார்கள். அவர்களுக்கு வேறு வழி காட்டுவேன். தமிழக அரசு 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 மலைப்பாதைகளைத் திறந்தது. நம் மாவட்டத்துக் காரையாறு–மூலக்கசம் அதில் ஒன்று. அதற்கும் ஆன்லைன் பதிவுதான். காட்டுத்தீ காலத்தில் அதையும் மூடுவார்கள், அதனால் தேதி பார்த்துத்தான் வரவேண்டும். அதுவும் ஒத்துவராதவர்களை எங்கள் தாலுகாவிலேயே இருக்கிற கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு அனுப்பிவிடுவேன். இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்துக்கள் பொதிகை சீசனில்தான் அங்கே குளத்தில் மேயும். பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. மூலைக்கரைப்பட்டி வழியாகப் பஸ்ஸில் போய்விடலாம். அதற்கு ஓடிபி வேண்டாம், என் கடைக்கும் வரவேண்டாம்.