தேய்மானம் என்னும் சொல்லும் கழுத்து வலியும்

கழுத்து வலிக்காக எடுக்கப்படும் எக்ஸ்ரே அறிக்கையைக் கையில் வாங்குவோர் பெரும்பாலும் கேட்க நேரும் சொல் தேய்மானம். செருப்பு தேய்வது போல எலும்பும் நாள்தோறும் கரைந்துகொண்டே போகிறது என்ற அச்சத்தை அச்சொல் விதைத்துவிடுவதால், குனியவும் திரும்பவும் தயங்கிக் கழுத்தை விறைப்பாகவே வைத்துக்கொள்ளப் பலர் பழகிவிடுகின்றனர். ஆனால் கழுத்தில் எந்தத் தொல்லையும் இல்லாத 1,211 பேரை எம்.ஆர்.ஐ. மூலம் ஆராய்ந்து 2015-இல் வெளியிடப்பட்ட ஜப்பானிய ஆய்வு, அவர்களுள் 87 விழுக்காட்டினருக்கும் மேற்பட்டோரிடம் முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போல் அமைந்த வட்டுகள் பிதுங்கியிருந்ததைக் காட்டியது. படத்தில் தெரியும் மாற்றம் ஒன்று, நோயாளி உணரும் வலி மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகக் கருதும் பழக்கம் நோயை விடவும் கூடுதலான கெடுதலைச் செய்திருக்கிறது என்றே சொல்லலாம்.

ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள தலையை ஏழே முள்ளெலும்புகள் தாங்குகின்றன. ஒட்டகச்சிவிங்கியின் நெடுங்கழுத்திலும் அதே ஏழுதான். முதல் முள்ளெலும்பு வளையமாகவும் இரண்டாவது அவ்வளையத்துக்குள் நிற்கும் முளையாகவும் அமைந்திருப்பதால், தலை இடமும் வலமும் திரும்புவதில் பாதியளவு இந்த ஒரு மூட்டிலேயே நிகழ்கிறது. இத்தனை அசைவுக்கென்று அமைந்த உறுப்பு ஒரே நிலையில் மணிக்கணக்காக நிறுத்தப்படும்போது, தலையைப் பின்னிருந்து இழுத்துப் பிடிக்கும் தசைகள் ஓய்வின்றி இறுகிக் களைத்து வலிக்கத் தொடங்குகின்றன. இதற்குக் கைபேசியை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. கைபேசி வருவதற்கு நெடுங்காலம் முன்பே தையற்காரரும் பொற்கொல்லரும் குனிந்து வேலை செய்து இவ்வலியை அறிந்திருந்தனர். குனிவது தவறன்று, குனிந்தபடியே அசையாதிருப்பதே தொல்லை தருகிறது.

இயன்முறை மருத்துவம் எனப்படும் பிசியோதெரபி இவ்விடத்தில்தான் துணைநிற்கிறது. கழுத்தின் முன்புறத்தில், முள்ளெலும்புகளை ஒட்டினாற்போல் ஆழத்தில் கிடக்கும் மெல்லிய தசைகள் வலியுள்ளோரிடம் சோர்ந்துவிடுவதையும், அவற்றின் வேலையை வெளியே புடைத்துத் தெரியும் பெருந்தசைகள் ஏற்றுக்கொள்வதையும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குவென்டலன் ஜல் முதலியோர் விரிவாக ஆராய்ந்தனர். ரத்த அழுத்தம் பார்க்கையில் கையில் சுற்றும் பட்டையைப் போன்றதொரு காற்றுப் பையை, மல்லாந்து படுத்தவரின் பிடரிக்கு அடியில் வைத்து 20 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்கு நிரப்பிவிட்டு, "ஆம்" என்று தலையசைப்பதைப் போல மோவாயை மெல்லத் தாழ்த்தி 22, 24 எனப் படிப்படியாக 30 வரை அழுத்தத்தை உயர்த்தச் செய்வது அவர்கள் வகுத்த முறை. வீட்டில் கருவி இல்லாதோர் மடித்த துண்டொன்றைப் பிடரிக்கடியில் வைத்து, தலையைத் தரையிலிருந்து தூக்காமல், தொண்டையின் இருபுறமும் தசை புடைக்காத அளவுக்கு மெல்லத் தலையசைத்துப் பத்து வினாடி நிறுத்திப் பத்து முறை செய்யலாம். பார்ப்பதற்கு ஒன்றுமே நடவாதது போலிருந்தால் அதுவே சரியான பயிற்சி.

தோள்பட்டைத் தசைகளுக்கும் வலு தேவை. அடிக்கடி கழுத்து, தோள் வலியால் வருந்தியோரிடம் டென்மார்க்கில் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வில், ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சியை நாளொன்றுக்கு இரண்டே நிமிடம் என்று பத்து வாரம் செய்தவர்களுக்கும் வலி குறிப்பிடத்தக்க அளவு தணிந்தது. நேரமில்லை என்ற சாக்குக்கு இதற்குமேல் இடமில்லை. பயிற்சியின்போது சிறிது வலிப்பது இயல்பு; மறுநாளும் தணியாமல் கூடினால் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கழுத்துப் பட்டை, அதாவது காலர், எலும்பு முறிவு போன்ற நிலைகளில் மருத்துவர் சொல்லி அணிய வேண்டியது. சாதாரணப் பிடிப்புக்கு வாரக்கணக்கில் அணிந்தால் தசைகள் மேலும் சோம்பிவிடும். முடிதிருத்தும் கடைகளில் தலையைச் சட்டென்று முறுக்கிச் சொடக்கு எடுக்கும் வழக்கமோ தவிர்க்க வேண்டிய ஒன்று. முள்ளெலும்புகளின் துளைகள் வழியே மூளைக்கு ஏறும் ரத்தக் குழாய் அத்திருகலில் கிழிந்தால் பக்கவாதம் நேரக்கூடும்.

தசை, மூட்டு வலிகளில் பெரும்பாலானவை சில வாரங்களில் தணிபவை. எனினும், சட்டைப் பொத்தானைப் போட விரல் தடுமாறுதல், நடையில் தள்ளாட்டம், கைகளில் வலுக்குறைவு, சிறுநீரை அடக்க இயலாமை ஆகியவை தண்டுவடமோ நரம்போ நசுங்குவதைக் குறிக்கலாம். காய்ச்சலோடும் கடும் தலைவலியோடும் கழுத்து விறைத்தால் அது மூளைக்காய்ச்சலாக இருக்கக்கூடும். விபத்துக்குப் பின் தோன்றும் வலியும் இவ்வரிசையைச் சேர்ந்ததே. இவற்றுள் எது தென்பட்டாலும் பயிற்சியைத் தள்ளிவைத்துவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.