உடுக்கைச் சன்னமும் உருளைச் சன்னமும்

காற்றுத் துப்பாக்கி என்றவுடன் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவது, கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ விழாக்காலத்திற் பலகையில் வரிசையாகக் கட்டப்பட்ட பலூன்களும், அவற்றைக் குறிவைத்துச் சுடும் சிறுவர் கூட்டமுமேயாம். ஆயின் அவ்விளையாட்டுக் கருவியினுள்ளே இயக்கவியல், பாய்மவியல், புள்ளிவிபரவியல் என்னும் மூன்று துறைகளும் ஒருங்கே மறைந்து கிடக்கின்றன என்பதை யான் உணர்ந்தது, நம் பழைய மாணவர் ஒருவர் எழுதிய கடிதத்தினாலேயே.

கடல்கடந்த குளிர்நாடொன்றில் வாழும் அவர், ஆங்குள்ள சுடுகழகம் ஒன்றின் உறுப்பினர். கடிதத்தோடு இரண்டு குறித்தாள்களையும் வைத்து அனுப்பியிருந்தார். ஐம்பது மீற்றர் தூரத்திலிருந்து ஒவ்வொன்றிலும் ஐந்து முறை சுட்டிருக்கிறார். வழக்கமான சன்னங்கள் துளைத்த தாளில், ஒன்றுக்கொன்று மிகத் தொலைவான இரு துளைகளின் இடைவெளி 21 மில்லிமீற்றர்; இப்பொழுது பலராலும் புகழப்படும் திண்ணிய உருளைச் சன்னங்கள் துளைத்த தாளில் அது 14 மில்லிமீற்றர். “இனிப் பழைய சன்னத்தைக் கைவிட்டு, உருளைச் சன்னத்திற்கெனத் தனிக் குழல் வாங்கப் போகிறேன், சரிதானே?” என்பது அவர் வினா. குழலின் விலையையும் எழுதியிருந்தார். அதைப் படித்தபின், விடையைச் சற்று ஆற அமர எழுதவேண்டும் என்று கருதினேன்.

முதலில் இவ்விரு சன்னங்களின் உருவத்தை நோக்குவோம். பெலற் எனப்படும் வழக்கமான ஈயச் சன்னம் நம் உடுக்கையைப் போன்றது. இடை ஒடுங்கி, தலை திண்ணிதாய், பின்புறம் உட்குடைவான பாவாடைபோல் விரிந்திருக்கும். சுடும்போது பின்னிருந்து உந்தும் வளியின் அமுக்கம் மெல்லிய அப்பாவாடையை விரித்துக் குழலின் தவாளிப்புக்களோடு பொருந்தச் செய்யும், வளி கசியாது. வெளியேறிய பின்னரோ, பாரம் முன்னும் அகன்ற விளிம்பு பின்னும் இருத்தலால், பட்மின்ரன் இறகுப்பந்து எவ்வாறு அடித்தாலும் தலைமுன்னாகத் திரும்புவதுபோல, சன்னமும் தன் முகத்தைத் தானே நேர்ப்படுத்திக்கொள்ளும். வெள்ளவத்தைக் கடற்கரையிற் கடதாசிக் கூம்பொன்றின் நுனியிற் களிமண் உருண்டையை ஒட்டி எறிந்து பார்ப்பவர் இதனைக் கண்ணாரக் காணலாம். களிமண்ணை எடுத்துவிட்டு அதே கூம்பை எறிந்தால், அது காற்றிற் புரண்டு காலடியிலேயே விழும்.

சிலக் எனப்படும் உருளைச் சன்னத்திற்கு இடையுமில்லை, பாவாடையுமில்லை. அது சிறு பென்சிற்றுண்டு போன்றது. வளி அதனை நேர்ப்படுத்துவதில்லை. மாறாகப் புரட்டவே முயலும். பம்பரம் சுழலும்வரை நிற்பதுபோலச் சுழற்சி ஒன்றே அதனை நிலைநிறுத்துவது. ஆகவே உடுக்கைச் சன்னத்திற்குச் சுழற்சி துணை. உருளைச் சன்னத்திற்கோ சுழற்சியே உயிர்.

சுழற்சியின்றி, அல்லது தவறான சுழற்சியோடு செல்லும் குண்டு என்னாகும் என்பதை இங்கிலாந்தின் பென்சமின் றொபின்ஸ் என்பார் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே காட்டினார். பீரங்கியியலின் புதிய தத்துவங்களைப் பற்றிய அவரது நூல் 1742 இல் வெளிவந்தது. துப்பாக்கிக் குழலொன்றின் முனையை இடப்புறமாக வளைத்துச் சுட்டார். குண்டு செல்லும் வழியில் மெல்லிய கடதாசித் திரைகளைத் தொங்கவிட்டுத் துளைகளை அளந்தார். முதலில் இடப்புறம் சென்ற குண்டு, பின்னர் வளைந்து வலப்புறம் கடந்து சென்றது. வளைந்த குழலின் உட்சுவரில் உருண்டமையாற் பெற்ற சுழற்சியே அதற்குக் காரணம். கடதாசித் திரையும் அளவுகோலும் தவிர வேறு கருவி அதற்குத் தேவைப்படவில்லை என்பது நம் ஆய்வுகூட மாணவர் கருத்திற்கொள்ளத்தக்கது.

உருளைச் சன்னத்திற்கு எவ்வளவு சுழற்சி வேண்டும்? இதற்கு 1879 இல் கிறீன்கில் என்னும் கணிதப் பேராசிரியர் எளிய விதியொன்றை வகுத்தார். குண்டின் விட்டத்தின் வர்க்கத்தை 150 ஆற் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால், தவாளிப்பு ஒரு முழுச்சுற்றுச் சுற்றவேண்டிய நீளம் கிடைக்கும். இது அண்ணளவான விதியே. எனினும் வழிகாட்டப் போதும். விட்டம் 4.5 மில்லிமீற்றரும் நீளம் 7 மில்லிமீற்றருமாயின் விடை ஏறத்தாழ 43 சென்றிமீற்றர். நீளத்தை 10 மில்லிமீற்றராக்கினால் 30 சென்றிமீற்றர். காற்றுத் துப்பாக்கிக் குழல்கள் பலவற்றில் தவாளிப்பு 45 சென்றிமீற்றர் அளவில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. உடுக்கைச் சன்னத்திற்கு அது தாராளம். அதே குழலிற் குட்டையான உருளைச் சன்னம் எல்லைக்கோட்டில் நின்று தள்ளாடும்; நீண்டதோ புரண்டே போகும். உருளைச் சன்னம் ஒருவருக்கு அற்புதமாகவும் அடுத்தவருக்குக் குப்பையாகவும் தோன்றுவதன் முதற் காரணம் இது. இரண்டாவது காரணம் பருமன். விரிந்து பொருந்தப் பாவாடை இல்லாமையால், உருளைச் சன்னம் குழலின் உள்விட்டத்திற்கு மிக நெருங்கிய அளவினதாய் இருத்தல் வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்திலொரு பங்கு வேறுபாடுள்ள அளவுகளில் அவை விற்கப்படுவதும் அதனாலேயே.

இத்துணை இடர்ப்பாடு இருந்தும் அதனை ஏன் விரும்புகின்றனர் எனின், காற்றை நோக்குக. உடுக்கைச் சன்னத்தின் உறுதிக்குக் காரணமான அதே அகன்ற விளிம்பு வளித்தடையையும் மிகுவிக்கின்றது. வேகம் விரைவிற் குறைகின்றது. பக்கக் காற்றினால் ஏற்படும் விலகல், சன்னம் வளித்தடையால் இழந்த நேரத்தைக் காற்றின் வேகத்தாற் பெருக்கிய அளவினது. ஐம்பது மீற்றர் செல்லும் ஒரு சன்னம் செக்கனில் நூறில் இரண்டு பங்கு தாமதமாகிறது எனக் கொள்வோம். தென்மேற்குப் பருவக்காலத்தில் வெள்ளவத்தைக் கரையில் வீசுவதுபோல், செக்கனுக்கு 4 மீற்றர் வேகமுள்ள பக்கக் காற்று வீசினால் விலகல் 8 சென்றிமீற்றர். தாமதத்தைப் பாதியாக்கும் சன்னம் 4 சென்றிமீற்றரே விலகும். உருளைச் சன்னத்தின் மேன்மை முழுவதும் இங்குதான் உள்ளது: திறந்த வெளி, நீண்ட தூரம், பக்கக் காற்று.

கூரையின் கீழ்ப் பத்து மீற்றர் தூரத்தில் அம்மேன்மைக்கு இடமேது? ஒலிம்பிக் போட்டியிற் பயன்படும் 4.5 மில்லிமீற்றர்ச் சன்னம், அரைக் கிராமுக்குச் சற்று மிகுந்த எடையுடன், செக்கனுக்கு 170 மீற்றர் அளவான வேகத்திற் செல்கின்றது. பயண நேரம் செக்கனில் நூறில் ஆறு பங்கு. வழியில் அது கீழிறங்குவது ஒன்றரைச் சென்றிமீற்றருக்குச் சற்று மேல். காற்றும் இல்லை. நடுப்புள்ளியின் விட்டமோ அரை மில்லிமீற்றர். 2008 இல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், சென்னையிற் பிறந்த ககன் நரங் 2012 இல் இலண்டனில் வெண்கலம் பெற்றதும், கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019 இல் றியோ உலகக் கிண்ணத்தில் 251.7 புள்ளிகளோடு தங்கம் வென்றதும் இப்பத்து மீற்றர் றைபிள் போட்டியிலேயே. நம் நாட்டின் தெஹானி எகொடவெலவும் 2021 இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் இப்போட்டியிலேயே பங்குபற்றினார். இத்துறையில் ஆட்சி செலுத்துவது தட்டைத் தலையுள்ள உடுக்கைச் சன்னமே. தட்டைத் தலை கடதாசியை வட்டமாக வெட்டித் துளைப்பதாற் புள்ளியிடுதல் எளிதாயிற்று. மின்னியற் குறிப்பலகைகள் வந்தபின்னும் அத்தலை மாறவில்லை.

வேகத்தைக் கூட்டினாற் குறி செம்மையாகும் என்று எண்ணுவாரும் உளர். கொழும்பின் வெப்பத்தில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர். அவ்வெல்லையை அணுகும்போது உடுக்கைச் சன்னத்தைச் சூழும் வளியோட்டம் குழம்புகின்றது, சன்னம் தள்ளாடுகின்றது. வல்லமை மிக்க துப்பாக்கி இருந்தும் பலர் அதன் வேகத்தைத் தணித்து வைப்பது இதனாலேயே.

இனி நண்பரின் இரு தாள்களுக்கு வருவோம். 14 பெரிதா 21 பெரிதா என்பது கேள்வியன்று. ஒரே துப்பாக்கியால், ஒரே சன்னத்தால், ஒரே கை மீண்டும் மீண்டும் ஐவைந்தாகச் சுட்டாலும் அவ்விடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். துளைகள் நடுவைச் சுற்றி இயல்பான பரம்பல் விதிப்படி சிதறுமாயின், ஐந்து துளைக் கூட்டத்தின் இடைவெளி தன் சராசரியிலிருந்து நூற்றுக்கு 27 பங்கு அளவான நியம விலகலுடையது. சராசரி 17.5 மில்லிமீற்றர் எனின் இது ஏறத்தாழ 4.7, இரண்டு கூட்டங்களின் வேறுபாட்டிற்கோ 6.6. அதாவது, இருவகைச் சன்னங்களுக்கும் உண்மையில் எவ்வித வேற்றுமையும் இல்லாதவிடத்தும், 7 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ வேறுபாடு பத்துத் தடவைக்கு மூன்று தடவையளவில் தற்செயலாகவே தோன்றும். இத்தகைய சான்றை நம்பி ஒருவர் குழல் வாங்கலாமா? துளைகளின் எண்ணிக்கை மாறினால் இடைவெளியும் மாறும் என்பதையும் மறத்தலாகாது. மூன்று துளைக் கூட்டத்தில் அது நியம விலகலின் 2.4 மடங்கு, ஐந்தில் 3.1 மடங்கு, பத்தில் 3.8 மடங்கு. மூன்று துளைகளைக் காட்டிப் பெருமை பேசுவோர் தம்மை அறியாமலே தமக்குச் சலுகை செய்துகொள்கின்றனர்.

ஆகவே யான் அவருக்கு எழுதியது இது. ஒவ்வொரு வகையிலும் ஐந்து துளைக் கூட்டங்கள் பத்துச் சுடுக. தற்செயலின் ஆட்டம் மூன்றிலொரு பங்காகக் குறையும். அப்பொழுதும் சராசரிகள் 14 உம் 21 உமாக நின்றால் யானும் உம்மோடு உடன்படுவேன். ஒரு வகையைக் காலையிலும் மற்றதை மாலையிலும் சுடாது, மாறி மாறிச் சுடுக. இல்லையேற் காற்றின் மாற்றம் சன்னத்தின் கணக்கில் ஏறிவிடும். சன்னத்தை மாற்றும்போதெல்லாம் குழலிற் படியும் ஈயம் புதிய சன்னத்திற்குப் பழகவேண்டுமாதலால், முதற் சில சுடுகளைக் கணக்கிற் சேர்க்காது விடுக. இரண்டிற்கும் ஒரே வேகம் வைப்பது நீதிபோலத் தோன்றினும் நீதியன்று. ஒவ்வொன்றையும் அதற்குகந்த வேகத்திற் சோதிக்க. மோசமான துளையைக் “கை தவறியது” என்று நீக்குவதாயின், தாளைப் பார்க்குமுன்னரே சொல்லுக. மேலும் இடைவெளியை மட்டும் அளவாது, ஒவ்வொரு துளையும் நடுவிலிருந்து நிற்கும் தூரத்தின் சராசரியையும் எடுக்க. இடைவெளி இரு துளைகளின் சாட்சியை மட்டுமே கேட்கிறது, சராசரி ஆரையோ எல்லாத் துளைகளின் சாட்சியையும் கேட்கிறது. கண்ணுக்குக் காப்பு அணிக; ஈயம் தொட்ட கையைக் கழுவாது உண்ணற்க.

ஒரு திங்கள் கழித்து அவர் மறுமொழி வந்தது. உடுக்கைச் சன்னத்தில் ஆறு கூட்டங்களும் உருளைச் சன்னத்தில் ஆறு கூட்டங்களும் முடித்திருக்கிறார். இரண்டின் சராசரிகளும் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றனவாம். அதற்குள் பனி விழுந்து சுடுகழகத்தின் திடலை மூடிவிட்டனர். எஞ்சிய நான்கு கூட்டங்களும் வசந்தத்திற்குப் பின். குழலை இன்னும் வாங்கவில்லை.