போரில் வழி சொன்னவர்: அன்றும் இன்றும்

ஏற்காட்டில் துருவ நட்சத்திரம் வடக்கே மிகத் தாழ்வாகத்தான் தெரியும். கையை நீட்டி, விரல்களை மடக்கி, முஷ்டியை அடிவானத்தின் மேல் வைத்துப் பார்த்தால் முஷ்டிக்குச் சற்று மேலே, கிட்டத்தட்ட 12 பாகை உயரத்தில் நிற்கும். ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவுதான் அங்கே அந்த மீனின் உயரம். ஏப்ரல், மே மாத இரவுகளில் இதே மலையிலிருந்து தெற்கே திரும்பினால் திரிசங்கு விண்மீன் கூட்டமும் தெரியும். வடக்கையும் தெற்கையும் காட்டும் இரண்டையும் ஒரே இரவில் பார்க்கலாம். வழி கண்டுபிடிக்கும் தொழிலைப் பழக, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையைவிட நல்ல இடம் எளிதில் அமையாது.

அந்தத் தொழிலுக்கு ஒரு காலத்தில் பெரிய மரியாதை இருந்தது. 1965-இல் வந்த ‘டியூன்’ நாவலில் நட்சத்திரங்களுக்கு இடையே கப்பல் விட வழிகாட்டிகளால் மட்டுமே முடியும். பேரரசே அவர்களை நம்பி நிற்கும். 1966-இல் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ தொடரில் விண்கப்பலின் முன்வரிசையிலேயே நேவிகேட்டருக்கு, அதாவது வழிகாட்டிக்கு, இருக்கை உண்டு. பனிப்போர் நாட்களில் பிறந்த கற்பனைகள் இவை.  உண்மை உலகில் அந்த இருக்கைக்கு என்ன நேர்ந்தது?

அன்று: வானமும் கடிகாரமும்

கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் கட்டியது. வானியல், புவியியலோடு கப்பல் வழிகாட்டலும் அதன் நோக்கமாக இருந்தது. நடுக்கடலில் இருப்பவனுக்குத் தன் இடம் தெரிய வேண்டுமானால் செக்ஸ்டன்ட் கருவியால் விண்மீனின் உயரத்தை அளக்க வேண்டும், அளந்த நொடியைக் கடிகாரத்தில் குறிக்க வேண்டும். நிலநடுக்கோட்டை ஒட்டிய கடலில் கடிகாரம் 4 நொடி தவறினால் கப்பல் இருக்கும் இடம் வரைபடத்தில் ஒரு கடல் மைல் தள்ளிப்போகும். 4 நிமிடம் தவறினால் 60 கடல் மைல்.

போர் வந்ததும் இந்தக் கணக்கு உயிர்க்கணக்கு ஆனது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு எதிரே வந்து நின்று, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசி எண்ணெய்க் கிடங்குகளை எரித்தது. அன்னியக் கடலில், எதிரியின் கப்பல்களுக்குத் தப்பி, சரியான துறைமுகத்துக்கு இருட்டில் வந்து சேர்வது வழிகாட்டியின் வேலை. சென்னையும் அன்று விளக்குகளை அணைக்காமல் இருந்து அவருக்கு உதவியது. 

இந்திய விமானப்படையில் நேவிகேட்டரின் பொற்காலம் கேன்பெரா விமானங்களோடு வந்தது. 1957-இல் இந்தியா வாங்க முடிவுசெய்த குண்டுவீச்சு விமானங்கள் அவை. விமானி ஓட்டுவார், நேவிகேட்டர் விமானத்தின் மூக்குப் பகுதியில் வரைபடத்தோடு இருந்து திசையைத் திருத்திக்கொண்டே வருவார். வேகம், திசை, கடந்த நேரம், காற்றின் தள்ளல் நான்கும் அவர் தலைக்குள் ஓயாமல் ஓட வேண்டும். ஒரு பாகை தவறினால் 60 மைல் போனபின் ஒரு மைல் விலகியிருப்போம் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். 1961-இல் காங்கோவிலும் கோவாவிலும், பிறகு 1965, 1971 போர்களிலும் இந்தக் கணக்கை நம்பித்தான் கேன்பெராக்கள் பறந்தன. பெயரும் புகழும் பெரும்பாலும் விமானிக்குப் போயின. இலக்குக்கு அழைத்துப்போய், உயிரோடு திருப்பிக் கொண்டுவந்ததில் சரிபாதி வழி சொன்னவருக்குச் சேர வேண்டியது.

1999: கைமாறிய தொழில்

கார்கில் போர் தொடங்கிய 1999 மே மாதத்தில், படமெடுக்கப் போன கேன்பெரா ஒன்றின் எஞ்சினில் ஏவுகணை பாய்ந்தது. விமானக் குழு அதை எப்படியோ ஸ்ரீநகரில் இறக்கியது. பழைய முறைக்கு அது கிட்டத்தட்டக் கடைசிப் போர். 2007 மே மாதம் கேன்பெராக்கள் ஓய்வு பெற்றன. அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து பறந்த டியூ-142 கண்காணிப்பு விமானங்களும் 2017 மார்ச்சில் விடைபெற்று, புதுத் தலைமுறை பி-8ஐ விமானங்களுக்கு இடம் விட்டன.

அதே கார்கிலில் வேறொரு பாடமும் கிடைத்தது. வழி காட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அமெரிக்க ராணுவத்துடையவை. அப்போது பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்தார்கள். 2000 மே மாதத்தில்தான் அதை நீக்கினார்கள். கார்கிலின்போது இந்தியா கேட்ட துல்லியத் தகவலை அமெரிக்கா தரவில்லை என்பது நம் பாதுகாப்பு வட்டாரங்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. வழிகாட்டி நம் விமானத்துக்குள் இருந்தவரை அவரை யாரும் நம்மிடமிருந்து பறிக்க முடியவில்லை. அவர் அடுத்த நாட்டின் செயற்கைக்கோளாக மாறியதும் பறிக்க முடிந்தது.

இன்று: வானத்தில் கடிகாரங்கள்

அதற்கு இந்தியா தந்த பதில்தான் நாவிக் என்னும் சொந்த வழிகாட்டும் செயற்கைக்கோள் அமைப்பு. முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது; 2016 ஏப்ரலில் ஏழாவது சென்றது. இந்தியாவையும் எல்லையைச் சுற்றி 1,500 கிலோமீட்டரையும் அது தழுவ வேண்டும் என்பது திட்டம்.

பெரிய சோதனை கடிகாரத்தில்தான் வந்தது. செயற்கைக்கோளின் கடிகாரம் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலே தூரக்கணக்கில் 300 மீட்டர் பிழை வரும். முதல் செயற்கைக்கோளில் இருந்த மூன்று ரூபிடியம் அணுக்கடிகாரங்களும் பழுதாயின. அவை ஐரோப்பாவில் வாங்கியவை. மாற்றாக அனுப்பிய செயற்கைக்கோள், 2017 ஆகஸ்டில் ராக்கெட்டின் வெப்பக்கவசம் பிரியாமல் வீணானது. 2023 மே 29 அன்று சென்ற என்விஎஸ்-01-இல்தான் முதன்முறையாக இந்தியாவிலேயே செய்த அணுக்கடிகாரம் ஏறியது. 2025 ஜனவரியில் ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதலில் சென்ற அடுத்த செயற்கைக்கோளோ, வால்வு திறக்காமல் உரிய சுற்றுப்பாதையை எட்டவில்லை. வழிகாட்டியை உருவாக்குவது அன்றும் எளிதாக இருந்ததில்லை, இன்றும் இல்லை.

விண்கலங்களோ இன்றும் விண்மீன் பார்த்துத்தான் போகின்றன. நம் விண்கலங்களில் உள்ள விண்மீன் உணரிகள் வானத்தைப் படமெடுத்து, நினைவிலுள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம் என்று அறிகின்றன. செக்ஸ்டன்ட் பிடித்த மாலுமி தன் இடத்தை அறிந்ததும் விண்மீன்களை வைத்துத்தான். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3-இன் விக்ரம் கலமும் கேமராவில் கண்ட தரையைப் பார்த்து, தடைகளுக்கு விலகி, தானே இடம் தேர்ந்தது. அந்த வெற்றிக்கான பாதையில் சேலம் வட்டாரத்துக்கும் பங்குண்டு. முந்தைய சந்திரயான்-2-இன் இறங்குகலத்தைச் சோதிக்க நிலவு மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டபோது, நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியின் அனார்த்தோசைட் பாறைதான் கைகொடுத்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறை அதற்குத் துணைநின்றது.

மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நால்வரும், அவர்களில் ஒருவரான சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் உட்பட, விமானப்படையின் சோதனை விமானிகள். கதைகளில் வந்ததுபோல் நேவிகேட்டருக்கென்று தனி இருக்கை அங்கே இல்லை.

இருக்கை போனது, வேலை போகவில்லை

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்காட்டுக்கு ஏறும் கார்களில் இன்று வழி சொல்வது கைப்பேசி. அமைதிக்காலத்தில் அது போதும். போர் வந்தால் அதே சமிக்ஞையை மறைக்கலாம், பொய்ச் சமிக்ஞை அனுப்பித் திசைதிருப்பவும் செய்யலாம். 2023 நவம்பருக்கும் 2025 பிப்ரவரிக்கும் இடையே அமிர்தசரஸ், ஜம்மு வான்பகுதிகளில் இத்தகைய 465 குறுக்கீடுகள் பதிவானதாக நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. அமெரிக்கக் கடற்படைப் பயிற்சிக் கழகம், கைவிட்டிருந்த விண்மீன் வழிகாட்டல் பாடத்தை 2015-இல் மீண்டும் தொடங்கியதற்கும் இத்தகைய அச்சமே காரணம்.

தனி ஒருவரின் தலைக்குள் இருந்த அறிவு இன்று கடிகாரம் செய்பவர், நிரல் எழுதுபவர், பாறையைத் தேடுபவர் எனப் பல நூறு பேரிடம் பிரிந்து கிடக்கிறது. அந்தப் பல நூறு பேர் எங்கோ ஒரு வகுப்பறையிலிருந்துதான் வர வேண்டும். பல ஊர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிகள் ஏற்காட்டில் உண்டு. துருவ மீனின் உயரத்தை அளந்து தம் ஊரின் அட்சரேகையைத் தாமே கண்டுபிடிக்க அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். விடுதிகளும் தெருக்களும் விளக்குகளைக் கீழ்நோக்கித் திருப்பினால் மலையின் வானமும் அதற்கு மிஞ்சும். இரண்டுக்கும் பெரிய செலவில்லை. போர்க்காலத்தில் வழி கேட்டு அடுத்தவர் வாசலில் நிற்காத நாடாக இருக்க வேண்டுமானால், வழி கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளைகளை அமைதிக்காலத்திலேயே வளர்த்திருக்க வேண்டும்.