ஆஸ்திரேலியா என்று எழுதியவருக்கு 9 செட் பரோட்டா!
டீக்கடை நோட்டில் பலித்த கணக்கு... செல்போனில் போன 2 பவுன் சங்கிலி!

காரியாபட்டி:

பஸ் நிறுத்தத்தில் இருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு டீக்கடை. கல்லாவுக்குப் பக்கத்து ஆணியில் நூல் கட்டித் தொங்குகிறது ஒரு 40 பக்க நோட்டு. கடன் நோட்டு என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். அது "எவன் ஜெயிப்பான்" நோட்டு!

2023 அக்டோபர் 5-ந் தேதி உலகக் கோப்பை கிரிக்கெட் தொடங்கியது. அதற்கு முதல் நாள் ராத்திரி 10 பேர் இந்த நோட்டில் பெயர் எழுதினார்கள். மில் தொழிலாளி, பத்திரம் எழுதுகிறவர், மதுரைக்குத் தினமும் பஸ்சில் போய்வரும் கிளார்க், உரக்கடைப் பையன்... இப்படிப் பலபட்டறை. காசு பேச்சே கிடையாது. ஜெயித்தவருக்கு மற்ற 9 பேரும் ஆளுக்கு ஒரு செட் பரோட்டா, சால்னா வாங்கித்தர வேண்டும். அவ்வளவுதான் பந்தயம்.

45 லீக் ஆட்டம். ஒன்றைச் சரியாகச் சொன்னால் 1 புள்ளி. முதல் நாளே எழுதிய சாம்பியன் பலித்தால் 20 புள்ளி.

7 பேர் "இந்தியா" என்று எழுதினார்கள். ஒருவர் இங்கிலாந்து. ஒருவர் தென் ஆப்பிரிக்கா. உரக்கடைப் பையன் மட்டும் ஆஸ்திரேலியா!

"ஏன்டா, நீ எந்த ஊர்க்காரன்டா?" என்று கடையே அவனைப் பிடித்து உலுக்கியது.

8-ந் தேதி சேப்பாக்கத்தில் இந்தியாவிடம் ஆஸ்திரேலியா 6 விக்கெட்டில் தோற்றது. அடுத்து தென் ஆப்பிரிக்காவிடமும் தோல்வி. "தம்பி, பரோட்டாவுக்கு இப்பவே காசு சேர்த்து வையி" என்று பையனைக் கேலி செய்யாத ஆள் இல்லை. அவன் வாயைத் திறக்கவில்லை.

நவம்பர் 19. ஆமதாபாத் இறுதி ஆட்டம். அதுவரை தொடர்ந்து 10 ஆட்டம் ஜெயித்து வந்த இந்தியா 240 ரன்னில் ஆல் அவுட். டிராவிஸ் ஹெட் 137 ரன் விளாசினார். அதே 6 விக்கெட் வித்தியாசத்தில் ஆஸ்திரேலியா கோப்பையைத் தூக்கியது. டீக்கடையில் எழவு வீடு போல் அமைதி.

மறுநாள் 9 செட் பரோட்டா வந்தது. பையனுக்கு அது தொண்டையில் இறங்கவில்லையாம். கடைசியில் 10 பேரும் பங்கு போட்டுத்தான் சாப்பிட்டார்கள்.

குருட்டு அதிர்ஷ்டமா?

"இல்லண்ணே" என்றான் பையன். "எனக்கும் இந்தியாதான் ஜெயிக்கும்னு தோணுச்சு. ஆனா ஏற்கனவே 7 பேரு அதையே எழுதிட்டாங்க. இந்தியா ஜெயிச்சா நான் எட்டாவது ஆளு. எனக்கு என்ன மிச்சம்?"

பத்தாவது படித்த பையன் சொன்ன இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். பலமான அணி கோப்பை வாங்க நூற்றுக்கு 40 வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். 10 பேரில் 7 பேர் அதையே எழுதியிருந்தால், அந்த 40-ஐ 7 பேர் பங்கு போட வேண்டும். ஆளுக்கு 6 கூடத் தேறாது. அடுத்த பலசாலி அணிக்கு வாய்ப்பு 20-தான். ஆனால் எழுதியவர் ஒரே ஆள் என்றால் 20-ம் அவருக்கே! நோட்டில் ஜெயிக்க வேண்டியது மேட்சை அல்ல, பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறவரை.

அதற்காக ஒன்றுக்கும் உதவாத அணியை எழுதினால் நாமம்தான். இரண்டாவது, மூன்றாவது பலசாலியாகப் பார்த்து, மற்றவர்கள் எழுத மறந்ததை எழுத வேண்டும். நோட்டில் இரண்டு மூன்று பேர்தான் என்றால் இந்த வித்தையே வேண்டாம். பலமான அணியை எழுதிவிட்டுப் போய்ப் படுக்கலாம்.

அமெரிக்காவில்...

இந்த நோட்டு விளையாட்டுக்கு அமெரிக்காவில் பெரிய மவுசு. அங்கே ஆண்டுதோறும் மார்ச் மாதம் காலேஜ் பையன்களின் கூடைப்பந்துப் போட்டி நடக்கிறது. பிரதான சுற்றில் 64 அணி, 63 ஆட்டம். தோற்றால் வெளியே. ஆபீசுக்கு ஆபீஸ், கடைக்குக் கடை 63 ஆட்டத்தின் முடிவையும் முன்கூட்டியே எழுதிப் போடுகிறார்கள். நாணயம் சுண்டிப் பார்த்து எழுதினால், எத்தனை விதமாக எழுதலாம் தெரியுமா? 92 ஆயிரம் கோடி கோடிக்கு மேல்! அத்தனையும் சரியாகச் சொன்னால் 100 கோடி டாலர் என்று 2014-ல் ஒரு போட்டி அறிவித்தார்கள். பரிசுக்குப் பொறுப்பேற்றவர் உலகக் கோடீசுவரர் வாரன் பபெட். அவர் பையில் இருந்து ஒரு டாலர் கூடப் போகவில்லை.

அங்கே வழக்கமாகப் புள்ளி போடும் முறையில் முதல் சுற்று ஆட்டத்துக்கு 1, அடுத்து 2, 4, 8, 16, கடைசி ஆட்டத்துக்கு 32. முதல் சுற்றின் 32 ஆட்டத்தையும் சரியாகச் சொன்னால்தான், சாம்பியனைச் சொன்ன 32 புள்ளிக்கு ஈடாகும். ஆகவே கெட்டிக்காரர்கள் முதலில் சாம்பியனை எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வருகிறார்கள்.

நம்மாட்களோ முதல் சுற்றிலேயே "சுண்டைக்காய் அணி யானையை வீழ்த்தும்" என்று எழுதி, பலித்தால் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். 1985-ல் 64 அணி முறை வந்ததில் இருந்து 2025 வரை, ஒரு வட்டாரத்தின் கடைசி இடத்து அணி முதலிடத்து அணியைக் கவிழ்த்தது இரண்டே முறை. 2018-ல் வர்ஜீனியா, 2023-ல் பர்டியூ தோற்றன. இதை நம்பி எழுதுகிறவர் 1 புள்ளிக்கு ஆசைப்பட்டு 32-ஐக் கோட்டை விடுவார். பொங்கலுக்கு நடக்கும் கபடிப் போட்டிக்கும் இதே கணக்குத்தான்.

2 பவுன் சங்கிலி

இனி வேறு கதை. "இந்தியா" என்று எழுதிய 7 பேரில் ஒருவருக்கு பரோட்டா பந்தயம் போதவில்லை. இறுதி ஆட்டத்தன்று செல்போனில் ஒரு புக்கியிடம் பணம் கட்டினார். அடகுக்குப் போனது மனைவியின் 2 பவுன் சங்கிலி. "10 மேட்ச் ஜெயிச்ச டீம், எப்படி சார் தோக்கும்?" என்று இன்றைக்கும் கேட்கிறார். சங்கிலியை மீட்க 11 மாதம் ஆனது. வட்டி தனி. அவரது வீட்டில் தீபாவளிக்கு மறு வாரம் அடுப்பு எரிந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் முகமாக அந்த அம்மாள் இல்லை.

உரக்கடைப் பையனின் வித்தை புக்கியிடம் பலிக்காதா? பலிக்காது. ஊரே இந்தியா என்றால் இந்தியாவின் ரேட்டை அவன் குறைத்துவிடுவான். இந்தியாவுக்கு ஒருவர் 100 ரூபாய், ஆஸ்திரேலியாவுக்கு ஒருவர் 100 ரூபாய் கட்டினால், ஜெயித்தவருக்கு 190 கொடுப்பான். எவன் ஜெயித்தாலும் 10 ரூபாய் அவன் பையில். டீக்கடை நோட்டில் 9 செட்டும் ஜெயித்தவருக்கே வருகிறது. புக்கியிடம் ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரு செட் அவன் சாப்பிட்டுவிடுகிறான். அதோடு போலீஸ் கேசும் உண்டு.

கம்பெனி நடத்திய பணப் போட்டிகளிலும் நுழைவுக் கட்டணத்தில் கம்பெனியின் பங்கு போகத்தான் பரிசு. 2025 ஆகஸ்ட் 22-ந் தேதி ஆன்லைன் பண விளையாட்டுத் தடை மசோதாவுக்கு ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்தார். நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், 1 கோடி ரூபாய் வரை அபராதம். அதோடு இந்திய அணியின் சட்டையில் பெயர் போட்டிருந்த டிரீம் லெவன் கம்பெனியே பணப் போட்டியை நிறுத்திக்கொண்டது. புக்கிகள் மட்டும் நம்பரை மாற்றிக்கொண்டு திரிகிறார்கள்.

டீக்கடை நோட்டு இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. 2025 ஐ.பி.எல்.லுக்கு சங்கிலிக்காரரும் பெயர் எழுதினார். பரோட்டாவுக்கு மட்டும். பாசத்தில் 10 பேரும் "சென்னை" என்றே எழுதிவிட்டார்கள், உரக்கடைப் பையன் உள்பட! சென்னை 10-வது இடத்துக்குப் போய், கடைசி. கோப்பை பெங்களூருக்கு. சாம்பியன் புள்ளி ஒருவருக்கும் இல்லை.

"கணக்கு என்னாச்சுடா?" என்று பையனைக் கேட்டேன்.

"போங்கண்ணே... தோனி இருக்கையில எப்படிண்ணே வேற டீம எழுதுறது?"