பழைய மொந்தையில் புதிய கள்: மஞ்சளேறிய கணினிப் பெட்டிக்கு மறுவாழ்வு

மாடிப்படிக்குக் கீழே, தையல் இயந்திரத்தின் பக்கத்தில், ஒரு பழைய 'சிபியூ' பெட்டி நம்மவர் வீடுகள் பலவற்றில் இன்னும் கிடக்கிறது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்துக் கணினி வாங்க அனுமதி கிடைத்தபோது, பிள்ளைகள் படிக்கட்டும் என்று பெற்றோர் வாங்கியதாக அது இருக்கலாம். அன்று தந்த நிறம், இன்று முற்றிய மஞ்சள். 'சூராட் காபார் லாமா' லோரியின் ஒலிபெருக்கி கேட்கும்போதெல்லாம் போட்டுவிடலாம் என்று தோன்றும், மனம் வராது.

அந்தப் பெட்டியைத் துடைத்து, வெளுத்து, மீண்டும் பயன்படுத்துவது இன்று பலருக்கு நல்ல பொழுதுபோக்கு. சிலர் உள்ளும் புறமும் பழையபடியே மீட்பார்கள். சிலர் வெளித்தோற்றத்தை அப்படியே விட்டு, உள்ளே இன்றைய பாகங்களைப் பொருத்துவார்கள். இந்த இரண்டாவது வகைக்கு ஆங்கிலத்தில் 'ஸ்லீப்பர்' என்று பெயர். புதிய கள், பழைய மொந்தை என்றால் நமக்கு இன்னும் எளிதாகப் புரியும்.

எதையும் தொடுமுன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். தோட்டம் கைமாறுவதற்கு முன் எடுத்த லயத்து வீட்டுப் படங்கள், தாத்தாவின் குரல் பதிவான கல்யாண வீடியோ எல்லாம் அதில்தான் இருக்கும். பழைய 'ஐடிஇ' வகை டிஸ்க்கையும் யூஎஸ்பி வழியாகப் படிக்க இணைப்புக் கருவிகள் விற்கிறார்கள். டிஸ்க் ஓடும் நிலையில் இருந்தால் படங்களைப் பிரதியெடுத்த பிறகே மற்ற வேலை. பெட்டியை மீட்டுப் படங்களை இழப்பதில் என்ன லாபம்?

அடுத்து, பெட்டி எந்த வகை என்று பாருங்கள். 1995-இல் இண்டெல் நிறுவனம் 'ஏடிஎக்ஸ்' அளவுமுறையை வெளியிட்டது. அந்த வகைப் பெட்டியில் இன்றைய மதர்போர்டையும் பொருத்த முடியும். பின்புறம் கீபோர்டு, மவுஸ், யூஎஸ்பி துளைகள் ஒரே சதுரத்தில் சேர்ந்திருந்தால் அது ஏடிஎக்ஸ். பெரிய வட்டமான கீபோர்டு துளை ஒன்று மட்டும் இருந்தால் அதற்கு முந்திய 'ஏடி' வகை. 'இனி கணினியை அணைக்கலாம்' என்று திரை சொன்ன பிறகு நாமே கையால் அணைத்தோமே, அது இந்த வகைதான்.

ஏடி பெட்டியில் ஓர் ஆபத்து உண்டு. அதன் முன்புறப் பொத்தானுக்குச் செல்லும் தடித்த வயர்களில் சுவர் மின்சாரமே, அதாவது 230 வோல்ட், நேராக ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்காமல் கை வைக்கவே கூடாது. எந்த வகையானாலும் 'பவர் சப்ளை' பெட்டியைத் திறக்காதீர்கள்; பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும். இருபது வயதான பவர் சப்ளையை நம்பிப் புதிய பாகங்களை இணைப்பதும் வேண்டாம். அதற்குப் புதிதாகவே வாங்கிவிடுங்கள்.

மஞ்சள் எப்படி வந்தது? இது அழுக்கு அல்ல. ஆகவே சோப்புக்குப் போகாது. முன்முகப்பு பெரும்பாலும் 'ஏபிஎஸ்' பிளாஸ்டிக். புற ஊதாக் கதிரும் வெப்பமும் காற்றின் உயிர்வாயுவும் சேர்ந்து அதன் மேற்பரப்பை மாற்றிவிடுகின்றன. தீப்பிடிக்காமல் இருக்கக் கலந்த புரோமின் சேர்மங்களுக்கும் இதில் பங்குண்டு என்கிறார்கள். ஜன்னலைப் பார்த்த பக்கம் அதிகம் மஞ்சளித்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

இதற்கு 2008 வாக்கில் பழைய கணினி ஆர்வலர்களிடையே பரவிய முறை 'ரெட்ரோபிரைட்'. மூலப்பொருள் ஹைட்ரஜன் பெராக்சைடு. முடிக்குச் சாயம் ஏற்றப் பயன்படும் 12 விழுக்காட்டுக் கிரீம் அழகுநிலையப் பொருள் கடைகளில் கிடைக்கும். முகப்பைக் கழற்றி, ஸ்டிக்கரும் உலோகமும் நீக்கி, கழுவிக் காயவைத்து, கிரீமைச் சீராகப் பூசி, உணவு சுற்றும் பிளாஸ்டிக் தாளால் மூடி வெயிலில் வைக்க வேண்டும். மணிக்கொரு முறை திருப்பி, கிரீமைப் பரப்பிவிடுங்கள். ஓரிடம் காய்ந்துபோனால் அங்கே வெள்ளைத் திட்டு விழும். பிறகு அதைச் சரிசெய்வது கடினம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். முதலில் ஒரு சிறிய மூடியில் சோதித்துப் பாருங்கள். குளிர்நாட்டுக்காரர்கள் இதற்கென்று புற ஊதா விளக்கு வாங்குகிறார்கள். நமக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. பிற்பகல் மழைக்கு முன் எடுத்து உள்ளே வைக்கத்தான் ஆள் வேண்டும். சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்பி வரலாம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

தகரத்தில் துருவேறியிருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, பிறகு ஸ்பிரே பெயிண்ட். பழைய பெட்டிகளின் ஓரங்கள் பிளேடு போல வெட்டும், கவனம்.

உள்ளே இடமும் காற்றும்தான் பிரச்சினை. அக்காலப் பெட்டிகளில் பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் விசிறிக்கே துளை உண்டு. நீளமான கிராபிக்ஸ் கார்டு டிஸ்க் கூண்டில் இடிக்கும். படிப்புக்கும் அலுவல் வேலைக்கும் என்றால் 244 மில்லிமீட்டர் 'மைக்ரோ ஏடிஎக்ஸ்' போர்டும், சூடு குறைந்த பிராசசரும் போதும். கேம் விளையாடத்தான் வேண்டும் என்றால் கூண்டின் ரிவெட்டுகளைத் துளையிட்டு எடுத்து, முன்புறம் 120 மில்லிமீட்டர் விசிறிக்கு வழி வெட்ட வேண்டியிருக்கும். வெட்டிய பெட்டியைப் பழையபடி ஆக்க முடியாது. அரிய மாதிரியாக இருந்தால் வெட்டுவதற்கு முன் இன்னொரு முறை யோசிக்கலாம்.

கழற்றிய போர்டும் வயர்களும் மலேசியச் சட்டப்படி அட்டவணைக் கழிவு வகையைச் சேர்ந்தவை. செம்புக்காக வயரை எரிக்க வேண்டாம், அந்தப் புகை நச்சு. சுற்றுச்சூழல் துறையின் அனுமதி பெற்ற மின்கழிவுச் சேகரிப்பு மையத்தில் ஒப்படையுங்கள்.