புதிதாய்ச் செய்த பழமை

காசு போட்டு விளையாடும் மின்னணு யந்திரங்களை வரிசையாக நிறுத்தியுள்ள விளையாட்டுக் கூடங்கள் ஜப்பானிய நகரங்களில் சர்வ சாதாரணம். ஆனால் டோக்கியோவுக்கும் யோக்கோஹாமாவுக்கும் இடையிலுள்ள கவாசாகியில் 2005ஆம் ஆண்டு முதல் 2019 நவம்பர் வரை நடைபெற்ற 'வேர்ஹவுஸ்' என்னும் கூடமோ, யந்திரங்களைவிட அவற்றைச் சூழ்ந்து நின்ற சுவர்களாலேயே பிரசித்தி பெற்றது.

அச்சுவர்கள் ஹாங்காங்கில் இருந்த கவுலூன் மதில் நகரத்தின் பிரதி. 2.6 ஹெக்டேர் விஸ்தீரணத்தில், 1987ஆம் ஆண்டுக் கணக்குப்படி சுமார் 33,000 ஜனங்கள் வாழ்ந்த அவ்விடத்தில், கட்டடங்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு 14 மாடி வரை உயர்ந்திருந்தமையால், சந்துகளில் நடுப்பகலிலும் வெயில் விழாது. தலைக்கு மேலே நீர்க்குழாய்களும் மின்கம்பிகளும் காட்டுக்கொடிகளைப் போலப் பின்னிக் கிடந்தன. 1993-94இல் அது முற்றிலும் இடிக்கப்பட்டு, பின்னர் பூங்காவாயிற்று.

மறைந்த அந்த வாசஸ்தலத்தைக் கவாசாகியில் மறுபடி சிருஷ்டித்தவர், மேடைக் காட்சியமைப்பில் தேர்ந்த தைஷிரோ ஹோஷினோ. புதிய தகரத்தைப் பல வருஷ மழையில் நனைந்த தகரமாகத் தோற்றுவிப்பது அத்தொழிலின் அபூர்வமான வித்தை. கரும்பழுப்பு அடிப்பூச்சு உலர்ந்த பின்னர், காவியையும் செம்மஞ்சளையும் பஞ்சால் அங்கங்கே ஒற்றி, மழைநீர் எங்கே தேங்கும், எவ்வழியே இறங்கும் என்பதை யோசித்து, ஆணித்தலைகளின் அடியிலும் தகட்டின் விளிம்பிலும் நீர்த்த வர்ணத்தை வழியவிடுவார்கள். ஈரம் தங்கிய இடத்தில்தான் துரு ஏறும். இந்தச் சூட்சுமத்தை உணராதவர் பூசும் துரு, எத்தனை முறை பூசினாலும் வெறும் சாயமாகவே நிற்கும்.

துருவேறிய முகப்பைக் கடந்து, செந்நிற ஒளி பரவிய இடைவழியில் பிரவேசித்தால், கிழிந்த சுவரொட்டிகளும், மாடத்தில் உலரும் துணிகளும், கடை முகப்பில் தொங்கும் போலி இறைச்சியும் தத்ரூபமாகக் காட்சியளித்தன. விருந்தினர் கண்ணில் படாமல் மறைக்க விரும்பும் கழிப்பறைக்குக்கூட அதே பழமைத் தோற்றம் தரப்பட்டிருந்தது. கலைஞரின் சிரத்தையை அளக்க எனக்கு அந்த ஓரிடமே போதும். வேறு வாசலிலோ, பச்சை ஒளி படர்ந்த நீரின் நடுவே கற்களில் கால்வைத்துத் தாண்டிச் செல்ல வேண்டியிருந்தது.

பதினெட்டு வயது நிரம்பாதவர்க்கு அங்கே அனுமதி இருந்ததில்லை. ஆகவே கூடம் மூடப்பட்ட 2019இல் முதன்முதலாக உள்ளே நுழையும் வயதை எட்டியவர்கள், மெய்யான மதில் நகரம் இடிந்து பல வருஷங்களுக்குப் பின் பிறந்தவர்கள். அதன் சந்துகளில் நடப்பது எத்தகையது என்பதை ஒரு மேடைக் கலைஞரின் வர்ணமும் தகரமுமே அவர்களுக்குக் காட்டின.